தீட்டுப் படாத தோல்

ஏரி வற்றினால் எங்களுக்கு மைதானம். துறையூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பச்சைமலைப் பக்கம் மழை ஏமாற்றிய வருடங்களில் பெரியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வெடித்துக் கிடக்கும் வண்டலை மண்வெட்டியால் தட்டி, தண்ணீர் தெளித்து, பிட்ச் போட்டுக்கொண்டிருப்போம்.

அப்படி ஒரு கோடையில்தான் எங்கள் டீமுக்கு முதல் ஸ்டிச் பந்து வந்தது. அதுவரை ரப்பர் பந்து, மிஞ்சிப்போனால் கார்க் பந்து. மாமா திருச்சியிலிருந்து வாங்கிவந்த சிவப்புப் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அப்பாயி வாங்கி மோந்து பார்த்தது. "மாட்டுத் தோலாடா இது?" ஆமாம் என்றேன். "அப்பத் திண்ணையிலயே கெடக்கட்டும். சாமி ரூம் பக்கம் கொண்டுபோகாத." அன்றிரவு பந்து செருப்புகளோடு படுத்தது.

மறுநாள் அது பதினோரு பேர் கையிலும் சுற்றியது. பதினோரு பேரில் ஒருவன் காலனிப் பையன், இடது கை ஸ்பின்னர். அவன் விரலில் எச்சில் தொட்டுப் பந்தின் ஒரு பக்கத்தைக் கால்சட்டையில் தேய்த்து மினுக்குவான். அதே பந்தை நான் வாங்கி, என் எச்சிலையும் தொட்டு, அதே பக்கத்தைத் தேய்ப்பேன். யாருக்கும் எதுவும் தோன்றாது. தாகம் எடுத்தால் மட்டும் கதை வேறு. குடத்தருகே நாங்கள் சொம்பை மாற்றி மாற்றிக் குடிப்போம். அவன் நாலடி தள்ளிக் குனிந்து, இரண்டு கையையும் குவித்து நிற்பான். யாராவது மேலிருந்து ஊற்றுவோம். பல நாள் நானே ஊற்றியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தின் நடுவே கேட்ச் உயரப் போனால், "டேய், விடுறா, நான் புடிக்கிறேன்" என்று என்னைப் பார்த்துக் கத்துவான். ஆட்டம் முடிந்து கரையேறினால் "வாங்க, போங்க". நான் இரண்டு இடத்திலும் அவனை "நீ" என்றுதான் சொன்னேன். இருவருக்கும் ஒரே வயது.

பல்வங்கர் பாலூவைப் பற்றிப் பல வருடம் கழித்துப் படித்தபோது அந்தச் சொம்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

எட்டணா விக்கெட்

பாலூ 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். சாதி சமார், தோல் வேலை அந்தச் சாதிக்கு விதிக்கப்பட்ட தொழில். அப்பாவுக்குப் படையில் வேலை என்பதால் குடும்பம் புனே பக்கம் வந்தது. பையன் முதலில் ஒரு பார்சி கிளப்பில் மைதானம் பெருக்கும் ஆளாகச் சேர்ந்தான். சம்பளம் மாதம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினான். அங்கே நான்கு ரூபாய். ரோலர் இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது, இடையிடையே துரைமார் பேட்டிங் பழகப் பந்து போடுவது.

துரைமாரில் ஒருவர் ஜே.ஜி. கிரெய்க். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆடிய வெள்ளைக்காரர்களில் முதல் வரிசை பேட்ஸ்மேன். மற்றவர்கள் வருமுன்பே மைதானத்துக்கு வந்து பாலூவைப் பந்து போடச் சொல்வார். தன்னை ஒருமுறை அவுட் ஆக்கினால் எட்டணா என்று பேசிவைத்திருந்ததாக ஒரு கதை உண்டு. எட்டு விக்கெட் எடுத்தால் ஒரு மாதச் சம்பளம். கதை உண்மையோ பொய்யோ, இப்படி ஆயிரக்கணக்கான மணி நேரம் பந்து போட்டுத்தான் பாலூ இடது கைச் சுழலைக் கற்றார். அந்தக் கிளப்பில் ஒரு நாள்கூட அவர் கையில் பேட்டைக் கொடுக்கவில்லை. பேட் பிடிப்பது துரைத்தனம், பந்து போடுவது கூலிவேலை. நம் ஊரிலும் பேட் வைத்திருக்கும் வீட்டுப் பையன்தான் முதலில் இறங்குவான் என்பது வேறு கதை.

புனேயின் இந்து கிளப்புக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க ஆசை. ஜெயிக்க வேண்டுமானால் பாலூ வேண்டும். ஆனால் சேர்த்தால் தீட்டு. வாதம் நடந்தது, ஆசை வென்றது. பாலூ வந்தார், விக்கெட்டுகள் விழுந்தன. தேநீர் இடைவேளையில் மற்ற ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலூவுக்கு வெளியே, குடித்துவிட்டு உடைத்துப்போடும் மண்குவளை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவ வேண்டுமானால் மைதானத்தின் ஓரத்தில் இன்னொரு தீண்டப்படாத வேலையாள் தண்ணீர் கொண்டுவந்து தரவேண்டும்.

அவரோடு ஆடலாம் என்றால் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று மகாதேவ கோவிந்த ரானடே சொன்னதாக பாலூவின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். ரானடே உயர் நீதிமன்ற நீதிபதி, சித்பவன் பிராமணர். அவர் சொன்னால் எடுபடும். எடுபட்டது. ஆனாலும் சேரன்மாதேவி குருகுலத்துப் பந்தி நமக்குத் தெரியும். பாலூவின் மண்குவளைக்குக் கால் நூற்றாண்டு கழித்து, தேசியம் கற்பிக்க எழுந்த பள்ளியிலேயே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாக இலை போட்டார்கள். தீட்டு என்ற நெருப்பு அவ்வளவு சீக்கிரம் அணைவதில்லை.

பிளேக் பரவிய 1896இல் பாலூ பம்பாய்க்குப் போனார். 1906 பிப்ரவரியில், பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியைச் சந்தித்தது. இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. வித்தியாசம் 109 ரன். ஐந்தாண்டு கழித்து கல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து அணி வெறுங்காலோடு ஆடி ஷீல்டு வென்றதை நாடே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்துக்கு முன்னோட்டம் இந்த 109 ரன். பாலூவோடு தம்பி சிவராமும் அந்த அணியில் ஆடினார். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணியில் பாலூ இருந்தார். அணி பெரும்பாலும் தோற்றது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பாலூ 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். அப்போது பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்ற மாணவருக்கு அவர் நாயகன்.

தொட்டது எதை?

இந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் சிக்கும் முள், பந்து. கிரிக்கெட் பந்து என்பது என்ன? நடுவில் கார்க், அதைச் சுற்றி இறுக்கிய நூல், மேலே பதனிட்ட மாட்டுத் தோல். எடை 156 முதல் 163 கிராம். புனேயின் ஆசாரமான குடும்பத்துப் பிள்ளைகள் அந்தத் தோலை நாள் முழுக்கக் கையில் உருட்டினார்கள், பிடித்தார்கள், சட்டையில் தேய்த்தார்கள். தோல் தீட்டாகவில்லை. தோலைப் பதனிட்ட சாதியில் பிறந்தவனின் கோப்பை தீட்டாகிவிட்டது.

நாம் சிரிக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் புறப்பாட்டுக்கு முன்னே போகும் தவிலில் இருப்பது தோல். மார்கழிக் கச்சேரியில் மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு என மூன்றின் தோலும் உண்டு. அந்தத் தோலை அறுத்து, இழுத்து, கட்டித் தந்த குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது, அதுவும் 2020இல். திருச்சி செம்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போனால் தோல் ஆலைகளின் வாடை ஜன்னலைத் தாண்டி வரும், மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். திருச்சியின் ஜமால் முகமது கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த ஜமால் முகமது சாகிப் தோல் வணிகர். 1951இல் தொடங்கிய கல்லூரி. தோல் காசில் படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

தோல் என்றதும் சிகாகோவுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

உக்ரைனிலிருந்து பிழைக்கப் போன இசடோர் ஹார்வீன் என்ற யூதர் 1905இல் அங்கே ஒரு தோல் பதனிடும் ஆலை தொடங்கினார். அவருடைய பிள்ளைகள் ரால்ஃப், அர்னால்டு இருவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினார்கள். காலால் உதைப்பதைவிடக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதே அதிகம் உள்ள ஆட்டம் அது. 1920 ஜனவரி முதல் நாள், கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஹார்வர்டு 7–6 என்று ஓரிகானை வென்றது. வெற்றி வித்தியாசமாக அமைந்த அந்த ஒரு புள்ளியை உதைத்தவர் அர்னால்டு. அடுத்த பருவத்துக்கு அவரே கேப்டன்.

இரண்டே வருடத்தில், 1922இல், அதே ஹார்வர்டின் தலைவர் லோவல், யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள், நூற்றுக்குப் பதினைந்து பேரோடு நிறுத்த வேண்டும் என்றார். அப்போது ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல் யூதர். வெளிப்படையான கணக்கு எடுபடவில்லை. பிறகு 'குணநலன்' பார்ப்பதாகச் சொல்லி, விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்டு, சுற்றுவழியில் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இந்த வேலை நடந்துகொண்டிருந்த 1926இல் ஹார்வர்டு ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் அதே அர்னால்டு ஹார்வீன். ஜெயிக்க ஒரு யூதர் வேண்டும். வகுப்பில் நிறையப் பேர் வேண்டாம். புனே கிளப்பின் கணக்கை அப்படியே ஆங்கிலத்தில் போட்டதுபோல இருக்கிறது.

சகோதரர்கள் காசுக்கு ஆடும் தொழில்முறை அணிக்குப் போனபோது சொந்தப் பெயரில் போகவில்லை. மக்மஹோன் என்ற பெயரில் ஆடினார்கள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பது ஒரு விளக்கம். காசுக்கு ஆடுவது ஹார்வர்டுப் பட்டதாரிக்கு இழுக்கு என்பது இன்னொன்று. எது காரணமோ, ஒளிந்துகொள்ளத் தேடிய பெயர் சுத்தமான ஐரிஷ் கிறிஸ்தவப் பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்னி ஃபிரீட்மன் பெயரை மாற்றிக்கொள்ளாமல் ஆடினார். முதல் பருவத்தில் பெஞ்சில் உட்காரவைத்த பயிற்சியாளர், தான் யூதன் என்பதால்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்து ஊரைவிட்டே போய்விடலாமா என்று யோசித்தவர். 1926இல் அவரும் கேப்டனானார்.

ஹார்வீன் பிள்ளைகள் கடைசியில் அப்பாவின் ஆலைக்கே திரும்பினார்கள். அந்த ஆலை இன்றும் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலில் எறியப்படும் பந்துகளுக்குத் தோல் அங்கிருந்துதான் போகிறது. அந்தப் பந்துக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'பன்றித் தோல்'. உண்மையில் மாட்டுத் தோல்தான். பன்றியைத் தொடாத சமயத்தில் பிறந்தவர்களின் ஆலையில் பதனிட்ட மாட்டுத் தோலைப் பன்றித் தோல் என்று கூப்பிட்டு ஒரு நாடே கட்டிப்பிடித்து உருளுகிறது!

கேப்டன் என்ற கடைசிக் கதவு

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. ஹார்வீனும் ஃபிரீட்மனும் கேப்டன் ஆனார்கள். பாலூ ஆகவில்லை.

இங்கிலாந்திலிருந்து 114 விக்கெட்டோடு வந்தவர். வயதிலும் அனுபவத்திலும் அணியில் மூத்தவர். 1913இல் எம்.டி. பாய் என்ற பிராமணர் கேப்டனானார். நல்ல மனிதர், தனக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்த மரியாதை பாலூவுக்குப் போயிருக்க வேண்டியது என்று சொன்னார். சொன்னார், ஆனாலும் தேர்வுக்குழு அசையவில்லை. 1920இல் பாய் உடம்பு சரியில்லாமல் முதல் ஆட்டத்துக்கு வரமுடியாத நிலை. பாலூ அணியிலேயே இல்லை. தம்பி விட்டலுக்கும் தலைமை இல்லை. சிவராமும் விட்டலும் காரணத்தைப் பொதுவில் எழுதிவைத்துவிட்டு அணியிலிருந்து விலகினார்கள். அப்போது காந்தி ஒத்துழையாமையோடு தீண்டாமை ஒழிப்பையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த நேரம். பம்பாய் பத்திரிகைகளில் கிரிக்கெட் பக்கம் அரசியல் பக்கமானது. கடைசியில் பாய் குணமாகித் திரும்பினார், பாலூ துணைக் கேப்டன். ஆட்டத்தின் நடுவே பாய் வேண்டுமென்றே மைதானத்தைவிட்டு வெளியே போய், பாலூ கொஞ்ச நேரம் அணியை நடத்தும்படி செய்தார். ஒரு மனிதரின் பெரிய மனசு, ஒரு கமிட்டியின் சின்ன மனசுக்கு ஒட்டுப்போட்ட கதை.

1923இல் கதவு திறந்தது, விட்டலுக்கு. அந்த வருடம் அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றார்கள். மேல்சாதி ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் இருபது வருடம் பந்து போட்டுத் தேய்த்த கதவு அது.

பம்பாய்ப் போட்டி மதத்துக்கு ஓர் அணி என்று வளர்ந்தது. 1937இல் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. அதற்கு வைத்த பெயர் 'மற்றவர்கள்'. இந்து, முஸ்லிம், பார்சி, ஐரோப்பியர் என்ற கட்டத்தில் அடங்காத இந்தியக் கிறிஸ்தவர், யூதர், பௌத்தர் எல்லாரும் அதற்குள். கிறிஸ்தவரான விஜய் ஹசாரே 1943 இறுதியாட்டத்தில் 'மற்றவர்கள்' எடுத்த 387 ரன்னில் 309 ரன்னைத் தானே எடுத்தார். அதற்குப் பிறகும் அவர் 'மற்றவர்'தான். காந்தி 1940இலேயே இந்த மதவாரிப் போட்டி வேண்டாம் என்றார். 1946இல்தான் அது நின்றது.

நம் சென்னையில் இப்படிப் பிரிக்கவில்லை. பொங்கலுக்கு நடந்த பிரசிடென்சி ஆட்டத்தில் ஒரு பக்கம் இந்தியர், மறுபக்கம் ஐரோப்பியர், அவ்வளவுதான். அதற்கு விதைபோட்ட புச்சி பாபு நாயுடு, சேப்பாக்கத்தின் வெள்ளைக்காரக் கிளப் இந்தியர்களைப் பெவிலியனுக்குள் விடாமல் மரநிழலில் உட்காரவைத்த காலத்தில், 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர். மரநிழல் அவமானத்துக்கு அவர் சொன்ன பதில் அருமையான பதில். ஆனால் 'இந்தியர்' என்று ஒரே பெயர் எழுதிவிட்டால் உள்ளே யார் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற சௌகரியமும் அதில் உண்டு. நூறு வருடத்துக்கு மேல் கழித்து 'ஜீவா' படம் வந்தபோதும், 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' வந்தபோதும் தியேட்டரில் எழுந்த கைதட்டல், யாரும் கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான்.

துறையூரில் பாலூவின் கையெழுத்து

பாலூ துறையூருக்கு வந்ததில்லை. அவர் கையெழுத்து வந்திருக்கிறது.

1932 செப்டம்பர் 24. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம். தனி வாக்காளர் தொகுதி கேட்ட அம்பேத்கர் விட்டுக்கொடுத்து, பொது வாக்காளர், ஒதுக்கப்பட்ட இடங்கள் என்று புனே ஒப்பந்தம் எழுதப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் நம்மவர்கள் ராஜாஜி, எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன். அதே தாளில் பி. பாலூ. மாணவராக இருந்து தன்னை வியந்த அம்பேத்கரோடு அந்த நேரம் அவருக்கு ஒத்துப்போகவில்லை. காந்தியின் பக்கம் நின்றார். சென்னை மாகாணத்துக்கு 30 இடம் என்று முடிவானது. ஐந்தாண்டு கழித்து பம்பாயில் காங்கிரஸ் பாலூவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலூ 11,225. அவரை நிறுத்தியவர்களின் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயிப்பதற்கு மட்டும் ஆளைத் தேடும் பழைய கிளப்பின் கணக்கு அது. பாலூ 1955இல் காலமானார்.

தனி வாக்காளர் இல்லாத தனித்தொகுதி என்ற ஏற்பாட்டின் வேர் அந்தத் தாள். 2008 மறுசீரமைப்பில் துறையூர் தனித்தொகுதியானது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊரே வரிசையில் நின்று பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. டோர்னமெண்ட் பரிசளிப்புக்கு எம்.எல்.ஏ. வந்தால் சால்வை போடுகிறோம். ஆனால் டோர்னமெண்டில் பெயர் கொடுக்க வரும் புது டீமைப் பார்த்து நடத்துகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எந்த ஊருப்பா?" பதில் வந்ததும், "ஊருக்குள்ளயா?" முதல் கேள்வி பஸ் ரூட்டுக்கு. இரண்டாவதற்கு விளக்கம் வேண்டாம். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாத பெருமை நமக்கு உண்டு, அது உண்மையான பெருமையும்தான். அதனால் நாம் பெயரைக் கேட்பதில்லை, தெருவைக் கேட்கிறோம். மக்மஹோன் என்று மாற்றிச் சொன்னால் தப்பிக்கலாம். தெருவை எப்படி மாற்றிச் சொல்வது?

எங்கள் டீமிலும் கேப்டன் இருந்தான். பேட்டும் பேடும் அவன் வீட்டுடையது. காலனிப் பையன் எல்லா ஆட்டத்திலும் அதிக விக்கெட் எடுத்தான். அவனைக் கேப்டனாகப் போடலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பு எழுந்து அடங்கியதாகக்கூட இல்லை. அந்த எண்ணமே எழவில்லை. அதற்கு எங்களிடம் பாய் மாதிரி ஒருவர்கூட இல்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அவன் இப்போது துறையூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். தலையில் பாதி நரை. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வந்தது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர். பிள்ளைகள், படிப்பு, இரும்பு விலை என்று பேச்சு ஓடி, ஏரிக்கு வந்தது. அந்த ஸ்டிச் பந்து அவனிடம் இருக்கிறதாம். தையல் எல்லாம் போய்விட்டது, உள்ளே கார்க் மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது என்றான். எந்த ஆட்டத்தில் எத்தனை விக்கெட் என்று வரிசையாகச் சொன்னான். கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது குரல் ஏறியது. கண்ணில் பழைய ஸ்பின்னர்.

"ஒரே ஒரு விக்கெட்டுடா, ஒரே ஒரு விக்கெட்டு! மிட் ஆன்ல கையில வந்து விழுந்த கேட்ச நீ விட்டுட்டியே!"

சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"விட்டுட்டீங்களே" என்றான்.